லேக்குன்னு நெனச்சோம், அது கம்மாக்கரை

போன வருஷம் மார்ச்ல அப்பா இங்க அமெரிக்காவுக்கு, டெக்ஸாஸ்ல எங்க வீட்டுக்கு வந்தாரு, ஆறு மாசம் இருந்தாரு. டாலஸுக்கு வடக்க எங்க ஏரியாவுல காலைல ஏழரை மணிக்கு வெளிய வந்து பாத்தீங்கன்னா நடக்கறவங்கள்ல பாதிப்பேரு ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாங்கதான், ஸ்வெட்டர், குரங்கு குல்லா, புது ஷூ, காலனிக்குப் பின்னாடி இருக்கற குளத்தச் சுத்தி ரெண்டு ரவுண்டு. அப்பாவும் மூணாவது நாளே அவங்களோட சேந்துட்டாரு. நாலாவது நாள் நான் காபி போட்டுட்டு இருக்கேன், உள்ள வந்து ஷூவக் கூட கழட்டாம கேட்டாரு, "ஏய்யா, ஒன் வீடு கம்மாக்கரைக்குக் கீழல்ல இருக்கு, தெரியுமா?"

எனக்கு ஒண்ணும் புரியல. "எதுப்பா கரை, அது வாக்கிங் போற மேடு"ன்னேன். "மேடு இப்படி நூல் புடிச்சாப்ல நேரா இருக்குமாய்யா? ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் சரிவு, மேல வண்டி போற அகலம். இது ஆள் வச்சுக் கட்டுன கரை"ன்னாரு.

அப்பா சாத்தூர் பக்கம் கரிசக்காட்டு விவசாயி. கம்மாத் தண்ணிய நம்பி பொழச்ச குடும்பம், மழைக்காலத்துல கரையில படுத்துக் காவல் பாத்தவரு. அவருக்கு கரை எது மேடு எதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. நாங்க 2019ல வீடு வாங்கும்போது குளத்துக்கு மேல்பக்கம் வாங்குனவங்க லேக் வியூன்னு கூடுதலா பணம் குடுத்தாங்க, எங்களுக்கு பட்ஜெட் இல்ல, அதனால கரைக்கு இந்தப் பக்கம், அதாவது சரிவு முடியுற எடத்துல இருந்து நாலாவது தெரு. வெல கம்மியா கெடச்சதுன்னு அன்னைக்கு சந்தோஷந்தான். இது ஒரு அணைன்னு அப்ப யாருமே எங்ககிட்ட சொல்லல, கையெழுத்து போட்ட நூறு பக்கத்துல எங்கயாவது இருந்திருக்கலாம்.

மறுநாள் என்னையும் கூட்டிட்டுப் போயி ஒவ்வொண்ணா காமிச்சாரு. தண்ணிக்குள்ள கரையில இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கான்க்ரீட் தூண் மாதிரி நிக்கும், மேல கம்பிக்கூண்டு, அத நான் இத்தன வருஷமா ஏதோ பம்புன்னு நெனச்சிட்டு இருந்தேன். "அதான் மடை"ன்னாரு. சரியாத்தான் சொன்னாரு, ஆனா நம்மூர் மடைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம், இதுல பலகையும் இல்ல ஷட்டரும் இல்ல. தண்ணி அந்த வாய் மட்டத்துக்கு ஏறுனா தானா உள்ள விழும், விழுந்து கரைக்கு அடியில போற குழாய் வழியா அந்தப் பக்கம் ஓடைக்குப் போயிரும். ராத்திரி ரெண்டு மணிக்கு மழ கொட்டுனாலும் எந்திரிச்சு வந்து தெறக்க ஆள் வேண்டாம். கரையோட கெழக்குக் கோடியில ஒரு அகலமான புல்லுத்தரை கொஞ்சம் தாழ்வா வெட்டுன மாதிரி இருக்கும், பசங்க அங்கதான் ஃப்ரிஸ்பீ ஆடுவாங்க. அப்பா அதப் பாத்த ஒடனே நின்னுட்டாரு. "இது கலுங்கு. பெருவெள்ளம் வந்தா கரை மேல ஏறாம இது வழியாத்தான் மறுகால் பாயணும். இதுல யாரு வேலி போட்டது?" ரெண்டு வீட்டுக்காரங்களோட மரவேலி அந்தப் புல்லுத்தரைக்குள்ள இருபது முப்பது அடி நீட்டிட்டு இருந்துச்சு. வேலிக் கதைக்கு அப்புறம் வரேன்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து தேடுனேன். அமெரிக்க ராணுவத்தோட எஞ்சினியர் பிரிவு நாட்டுல உள்ள அணைகளுக்கெல்லாம் ஒரு பதிவேடு வச்சிருக்கு, 90,000க்கும் மேல அணைங்க அதுல இருக்கு, யாரு வேணா மேப்ல தட்டிப் பாக்கலாம். எங்க குளம் அதுல இருந்துச்சு. பேரு கூட கெடையாது, ஏதோ ஓடையோட பேரும் ஒரு சைட் நம்பரும். கட்டுனது 1950கள்ல. வகை மண் அணை. நோக்கம் வெள்ளத் தடுப்பு. அபாய வகை "ஹை". அந்த ஒரு வார்த்தையப் பாத்ததும் தூக்கம் போச்சு.

இதோட கதை பெருசு, ஆனா தெரிஞ்சுக்கணும். இந்த ஊரு முழுக்க ஒரு காலத்துல பருத்திக்காடு, மண்ணு அப்பிடியே நம்ம கரிசல்தான், இங்க பிளாக்லேண்ட்னு சொல்றாங்க, வெயில்ல கை நுழையற அளவுக்கு வெடிக்கும், மழையில பசை மாதிரி ஒட்டும். பருத்தி போட்டுப் போட்டு மண்ணு அரிச்சு ஓடையெல்லாம் பள்ளமாகி கீழ ஊருங்க மொத்தம் வெள்ளத்துல மாட்டிக்கிட்டுச்சு. 1944ல ஒரு வெள்ளத்தடுப்புச் சட்டம் போட்டு 11 ஆத்துப்படுகைகள தேர்ந்தெடுத்தாங்க, அதுல எங்க டிரினிட்டி ஆறும் ஒண்ணு, பக்கத்து ஓக்லஹோமாவுல ஓடுற வாஷிடா ஆறும் ஒண்ணு. பெரிய ஆத்துல ஒரு பெரிய அணை கட்டுறதுக்குப் பதிலா மேல சின்னச் சின்ன ஓடையிலயே மண்கரை போட்டு தண்ணிய நிறுத்தி மெதுவா விடலாம்ங்கறது யோசனை. மொத அணை 1948 ஜூலைல ஓக்லஹோமாவுல கார்டெல் ஊர் பக்கம் கிளவுட் க்ரீக்ல முடிஞ்சுது. 1954ல இன்னொரு சட்டம் வந்து இந்தத் திட்டம் நாடு முழுக்கப் போச்சு. இன்னைக்கு 47 மாநிலத்துல 11,800க்கு மேல இருக்கு, டெக்ஸாஸ்ல மட்டும் ஏறக்குறைய 2,000. கட்டுனது மத்திய அரசோட மண் பாதுகாப்புத் துறை, எடம் குடுத்தது விவசாயி, பாத்துக்கறேன்னு கையெழுத்து போட்டது உள்ளூர் மண் நீர் பாதுகாப்பு மாவட்டமும், கவுண்டியோ (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிட்டியோ ஒண்ணும்.

அப்பாவுக்கு இதுல ஒரு விஷயந்தான் மனசுக்கு ஒப்பல. நம்ம கம்மா நெறஞ்சா ஊரே போயி வேடிக்க பாக்கும், பொங்கல் வைப்பாங்க. இது நெறையாம இருக்கறதுக்குன்னே கட்டுனது. அடியில கொஞ்சம் தண்ணி நிக்கும், அதுக்கு மேல இருக்கற எடம் முழுக்க காலியா கெடக்கணும், மழ வந்தா அந்தக் காலி எடத்துல ஏறி நிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல வடிஞ்சு திரும்ப அடுத்த மழைக்கு எடம் விடும். "காலியா இருக்கறதுக்கு ஒரு கம்மாயா"ன்னு ரெண்டு மூணு தடவ சொல்லிட்டாரு.

அபாய வகை பத்திச் சொல்றேன், ஏன்னா எங்க வாட்ஸாப் குரூப்ல போட்டப்போ எல்லாரும் கரை உடையப் போகுதுன்னு பயந்துட்டாங்க. ஹைன்னா கரை மோசமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. உடைஞ்சா கீழ உயிர் போகும்னு அர்த்தம், அவ்வளவுதான். நல்லா பலமா இருக்கற அணை கூட ஹை வகையில இருக்கும். எங்க அணை கட்டும்போது கீழ வெறும் பருத்திக்காடும் ரெண்டு தொழுவமும் இருந்திருக்கும், உடைஞ்சா வேலியும் பயிரும் போகும், அதனால லோ வகை, அதுக்கு ஏத்த அளவுலதான் கலுங்கும் வெட்டியிருப்பாங்க. அப்புறம் 1990கள்ல இருந்து வீடு வர ஆரம்பிச்சுது. கரை அசையல, ஆனா கீழ ஸ்கூல் வந்துருச்சு, டே கேர் வந்துருச்சு, நாங்க வந்துட்டோம். அன்னைக்கு காட்டுக்குன்னு கட்டுனது இன்னைக்கு ஊரோட தலைமாட்டுல நிக்குது. அது மட்டும் இல்ல, குளத்துக்கு மேல்பக்கமும் கூரையும் ரோடும் பார்க்கிங் லாட்டும் ஆயிட்டதால அதே மழைக்கு முன்ன விட வேகமா கூடுதலா தண்ணி வருது. இந்த அணைங்கள்ல பெரும்பாலானதுக்கு 50 வருஷக் கணக்கு வச்சாங்க. அந்த 50 வருஷம்ங்கறது கரை தானா விழற வயசு இல்ல, வண்டல் படியறதுக்குன்னு ஒதுக்குன எடம் நெறையற காலம். ஆனா அந்தக் காலத்துல அடியில போட்ட குழாய் நெளிவுத் தகரமா இருந்தா அது துருப்புடிச்சு ஓட்டையாகறதுக்கும் அந்த வருஷம் போதும். எங்களுது நல்லவேளையா கான்க்ரீட் குழாய்.

ஜூலை மாசம் ஆச்சு. மழையே இல்ல, காலனி புல்லு எல்லாம் சாக்கு நெறத்துக்கு வந்துருச்சு. ஒரு நாள் காலைல அப்பா கரைக்கு மேல போகாம கீழ அடிவாரத்துல நடந்திருக்காரு, அதுக்கப்புறம் எனக்கு போன். "வீட்டுல இருந்து ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்துட்டு வா"ன்னாரு. மீட்டிங் இருக்குப்பான்னேன். "வான்னா வா."

குழாய் வெளிய வர எடத்துல இருந்து எடதுபக்கம் ஒரு பத்து பன்னண்டு அடி. சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்க ஒரு கட்டில் அளவு எடத்துல மட்டும் பச்சப்பசேல்னு கோரை வளந்து நிக்குது. அப்பா ஷூவோட கால வச்சு அமுக்குனாரு, சதக்குன்னு உள்ள போச்சு, எடுத்த தடத்துல தண்ணி ஊறி நெறஞ்சுது. கொஞ்சம் கீழ தள்ளி அது ஒரு சுண்டுவெரல் தடிமனுக்கு ஓடையப் பாத்து ஊர்ந்துட்டு இருந்துச்சு. அப்பா குனிஞ்சு பாட்டில அதுல சாச்சுப் புடிச்சாரு, நெறைய நேரம் ஆச்சு, அப்புறம் சூரியனுக்கு நேரா தூக்கி வச்சு அசையாம பாத்துட்டே நின்னாரு. நான் என்னப்பா பாக்கறீங்கன்னேன். "கலங்கல் இருக்கான்னு பாக்கேன். தெளிஞ்ச தண்ணியா வந்தா கரை வேர்க்குது, கவனிச்சுக்கலாம். கலங்கி வந்தா உள்ளுக்குள்ள மண்ணு கரையுது, அன்னைக்கு ராத்திரி யாரும் வீட்டுல படுக்கக் கூடாது." பாட்டில் தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு. அப்பவும் அவரு அத வீசல, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஜன்னல்ல வச்சாரு, மறுநாள் அடியில மண்ணு படிஞ்சிருக்கான்னு பாக்கறதுக்கு.

மண் அணை போற வழி பெரும்பாலும் ரெண்டுதான். ஒண்ணு தண்ணி கரைக்கு மேல ஏறி வழிஞ்சு பின்சரிவ அறுத்துட்டுப் போறது. இன்னொண்ணு உள்ளால அரிக்கறது, அது வெளிய வர வாயில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா பின்னால குளத்தப் பாத்து கொடஞ்சுட்டே போகும், கடைசி நாள் வரைக்கும் மேல நடக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்கு ரொம்பப் புடிச்ச பாத குழாயோட வெளிப்பக்கம், ஏன்னா குழாய ஒட்டி மண்ண நல்லா இடிச்சு இறுக்கறது கஷ்டம். பழைய அணைங்கள்ல அதத் தடுக்க குழாயச் சுத்தி கான்க்ரீட் காலர் போடுவாங்க, பிரயோஜனம் கம்மின்னு தெரிஞ்சு 1980கள் நடுவுல இருந்து அத விட்டுட்டு மணல்ல ஒரு வடிகட்டிச் சுவர் வைக்கற முறைக்கு மாறுனாங்க, தண்ணி போகட்டும் மண்ணு மட்டும் நிக்கட்டும்னு. எங்களது காலர் காலத்து அணை. அதனாலதான் அந்தக் கோரை குழாய்ல இருந்து பத்து அடியில மொளச்சது எனக்கு அவ்வளவு உறுத்துச்சு.

அப்புறம் நான் போன் அடிச்ச கதை. கரைக்கு அடியில உள்ள நிலம் காலனி அசோசியேஷனுது. கரையில கை வைக்கற உரிம ஒப்பந்தம் இன்னொரு அமைப்பு கையில. பராமரிப்புக்கு கையெழுத்து போட்ட அமைப்பு வேற, அது 1950கள்ல டைப் அடிச்ச ஒரு காகிதம். ஒரு எடத்துல புல்லு வெட்டறது மட்டுந்தான் எங்க வேலன்னாங்க, ஒரு எடத்துல இது எங்க எல்லைக்குள்ள இருக்கான்னு பாத்து சொல்றோம்னாங்க, ஒரு எடத்துல வாய்ஸ்மெயில். யாரும் மோசமா பேசல, எல்லாரும் மரியாதையாதான் பேசுனாங்க, ஆனா நாலு எடம், மூணு வாரம். அப்பா சொன்னாரு, நம்மூர்லயும் இதேதான், ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 40 எக்டேருக்கு மேல இருந்தா முந்தி பொதுப்பணித்துறை, இப்ப நீர்வளத்துறை, கீழ இருந்தா யூனியன்னு கம்மாய பங்கு போட்டு வச்சிருக்கு, கரையில சீமக்கருவேல் மொளச்சா மொதல்ல அது யாரு கம்மான்னு தேடணும்னு. முந்தி நீர்ப்பாய்ச்சின்னு ஒரு ஆளு இருப்பாரு, அறுவடையில அவருக்குன்னு நெல்லு ஒதுக்கிருவாங்க, தண்ணி பாய்ச்சறதும் தெனம் கரையில நடந்து பாக்கறதும் அவரு வேல.

இருபத்திரெண்டாவது நாள் ஒரு எஞ்சினியர் வந்தாங்க, முப்பது முப்பத்தஞ்சு வயசு பொண்ணு, முட்டி வரைக்கும் பூட்ஸ், கையில ஒரு வாளி. நான் காமிக்க ஆரம்பிச்சேன், அவங்க நேரா அப்பாகிட்ட போயி மொத மொதல்ல எப்ப பாத்தீங்க, அப்ப குளத்துல தண்ணி எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் நடுவுல நின்னு மாத்தி மாத்தி சொன்னேன். அந்த ஈரத்தோட ஓரம் எங்க முடியுதுன்னு கையால தடவித் தடவிப் பாத்து நாலு மரக்குச்சி அடிச்சாங்க, நாளைக்கு ஈரம் குச்சியத் தாண்டுனா பெருசாகுதுன்னு தெரிஞ்சுரும். வாளியப் பள்ளத்துல பதிச்சு வச்சு ஸ்டாப்வாட்ச் போட்டு எவ்வளவு நேரத்துல எவ்வளவு நெறையுதுன்னு எழுதுனாங்க. குழாய் வாய்ல டார்ச் அடிச்சு மூட்டு மூட்டா பாத்தாங்க. சரிவுல ஆர்மடில்லோ (மேல ஓடு இருக்கற, மண்ணத் தோண்டற ஒரு மிருகம்) தோண்டுன வளை ரெண்டு, கரைமேல மணிக்கட்டு தடிமனுக்கு வளந்துட்ட எல்ம் கன்னு நாலு, எல்லாத்துக்கும் போட்டோ. மரம் கரைக்கு பலம்னு நெறைய பேரு நெனக்கறாங்க, எங்க அசோசியேஷன்ல கூட நெழலுக்கு மரம் வைக்கலாம்னு ஒரு தடவ பேச்சு வந்துச்சு. மரம் செத்தா வேரு மக்கி உள்ள குழாய் மாதிரி ஓட்டையாயிரும், காத்துல சாஞ்சா வேரோட கரையப் பேத்துட்டு வரும். கரைக்கு புல்லுதான், அதுவும் குட்டையா வெட்டுன புல்லு, அப்பதான் ஈரம் தெரியும் வளை தெரியும் வெடிப்பு தெரியும். அப்பா தலைய ஆட்டிட்டே கேட்டுட்டு இருந்தாரு. போகும்போது அவங்க அப்பாகிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டாங்க, நீங்க இருக்கற வரைக்கும் வாரத்துக்கு ஒருதடவையும் மழ பெஞ்ச மறுநாளும் பாத்து தேதி, தண்ணி மட்டம், கசிவோட நெறம் மூணையும் எழுதி வைங்கன்னு. "அந்தப் பொண்ணு மண்ண கையில எடுத்துப் பாத்துச்சுய்யா"ன்னு அப்பா அன்னைக்கு முழுக்க சொல்லிட்டே இருந்தாரு.

சாயங்காலம் அப்பா ஒரு வேல பண்ணாரு. ஆர்மடில்லோ தோண்டிப் போட்ட மண்ணுல ஒரு நெல்லிக்கா அளவு கட்டி எடுத்துட்டு வந்து காய வச்சு, ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி உள்ள போட்டு ஆட்டாம அசைக்காம மேசையில வச்சாரு. என் பொண்ணு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கா. கட்டி மெல்ல உதுந்து குவியலா அடியில சரிஞ்சுது, மேல தண்ணி தெளிவா நின்னுச்சு. "இது பரவால்ல. களர் மண்ணா இருந்தா கட்டியச் சுத்தி பால் ஊத்துன மாதிரி பொகையும், வெடியற வரைக்கும் தெளியாது. களர் மண்ணுல கரை போடக் கூடாதும்பாங்க எங்கப்பா." நான் தேடிப் பாத்தா எஞ்சினியருங்க ஒலகம் பூரா இதே சோதனையப் பண்றாங்க. சோடியம் கூடுன களிமண்ணு தண்ணி பட்டா தானா கரைஞ்சு போகும், 1970கள்ல ஷெரார்டுன்னு ஒரு மண் அணை நிபுணர், ஓக்லஹோமா மிசிசிப்பி பக்கம் இதே மாதிரி சின்ன வெள்ளத்தடுப்பு அணைங்க புதுசுலயே மொத தடவ தண்ணி ஏறும்போது ஏன் ஓட்ட விழுந்து போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணி, காரணம் இந்த மண்ணுதான்னு காமிச்சாரு, அதுக்கப்புறம் ஊசி ஓட்ட போட்டு தண்ணி விட்டுப் பாக்கற சோதனையும் வந்துச்சு. எங்க தாத்தா பள்ளிக்கூடம் போனதில்ல. களர்னு ஒரு வார்த்தையில அத வச்சிருந்தாரு.

சின்ன அணைதானேன்னு நெனக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். 1977 நவம்பர் 6, ராத்திரி ஒன்றரை மணி வாக்குல ஜார்ஜியாவுல டொக்கோவா ஃபால்ஸ்ங்கற எடத்துல கெல்லி பார்ன்ஸ்னு ஒரு மண் அணை போச்சு. ஒயரம் சுமார் 40 அடிதான். கீழ ஒரு பைபிள் காலேஜ், தூங்கிட்டு இருந்தவங்கள்ல 39 பேரு செத்தாங்க. பின்சரிவு ரொம்ப செங்குத்து, சில வருஷம் முன்னாடியே ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு, கசிவும் இருந்திருக்கு, ஆனா அத வந்து பாக்கணும்னு ஜார்ஜியாவுல அன்னைக்கு சட்டமே இல்ல. அடுத்த வருஷம் 1978ல சட்டம் போட்டாங்க. அப்பாகிட்ட இத வாசிச்சுக் காமிச்சேன், அவரு ஒடனே குடகனாறுன்னாரு. அதே 1977தான், திண்டுக்கல் சீமையில குடகனாறு அணை, அதுவும் மண்கரை, வெள்ளம் வரும்போது கரண்ட் போயி அஞ்சு ஷட்டரையும் முழுசா தூக்க முடியல, ஜெனரேட்டர் போட்டும் கைவச்சு சுத்திப் பாத்தும் முடியாம தண்ணி கரைமேல ஏறி பல எடத்துல உடைச்சுட்டுப் போச்சு. அதக் கேட்டப்புறந்தான் எங்க குளத்துல ஷட்டரே இல்லாத மடை வச்சதோட அருமை எனக்குப் புரிஞ்சுது. ஆனா ஆளே வேண்டாம்னு கட்டுனதால ஆளே வராமப் போயிட்டாங்கன்னும் தோணுச்சு.

மேற்பார்வைன்னு ஒண்ணு இல்லாம இல்ல. டெக்ஸாஸ்ல சுற்றுச்சூழல் ஆணையத்துல அணைப் பாதுகாப்புப் பிரிவு இருக்கு, ஹை வகை அணைங்கள அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ வந்து பாக்கணும்னு விதி, உடைஞ்சா யாரு யாருக்கு போன் பண்ணணும் எந்தத் தெரு மொதல்ல முழுகும்னு ஒரு அவசரத் திட்டமும் எழுதி வைக்கணும். அணை உரிமையாளருக்குத்தான் முழுப் பொறுப்பு. ஆனா 2013ல ஒரு சட்டம் கொண்டுவந்து தனியார் அணையா இருந்து, கொள்ளளவு 500 ஏக்கர்-அடிக்கு கம்மியா இருந்து, ஹை வகை இல்லாம, சிட்டி எல்லைக்கு வெளிய, 350,000க்கு கம்மியா சனம் இருக்கற கவுண்டியில இருந்தா பாதுகாப்பு விதியில இருந்து விலக்கு குடுத்துட்டாங்க. ஏக்கர்-அடின்னா ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஒயரத்துக்கு நிக்கற தண்ணி, 500 ஏக்கர்-அடின்னா நம்ம கணக்குல கிட்டத்தட்ட 22 மில்லியன் கனஅடி. அது சின்னத் தண்ணியே இல்ல. விலக்கு வாங்குன அணைக்குக் கீழ நாளைக்கு ஒருத்தன் அம்பது வீடு கட்டுனா வகை மாறணும், ஆனா யாரு போயி பாத்து மாத்துவாங்க? இது தப்பான சட்டம்னுதான் நான் நெனக்கறேன். நம்ம நாட்டுலயும் 2021ல அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, ஆனா அது 15 மீட்டருக்கு மேல, இல்ல சில நிபந்தனையோட 10 மீட்டருக்கு மேல உள்ளதுக்குத்தான், அப்பாவோட கம்மா அதுல வராது.

பழைய வெள்ளத்தடுப்பு அணைங்களப் புதுப்பிக்க 2000ல அமெரிக்காவுல ஒரு சட்டம் போட்டாங்க, செலவுல 65 சதவீதம் மத்திய அரசு, மீதி 35 உள்ளூர்ல. ஆனா ஹை வகைக்கு ஏத்த மாதிரி கரைய ஒசத்தி கலுங்க அகலப்படுத்தணும்னா வரிசை நீளம், எங்களது அதுல எப்ப வரும்னு தெரியாது. கசிவுக்கு மட்டும் வர்ற குளிர்காலத்துல கரை அடியில மணலும் சல்லியும் போட்டு வடிகால் வைக்கலாம்னு அந்த எஞ்சினியர் எழுதிக் குடுத்திருக்காங்க.

இப்ப வேலி. அப்பா செப்டம்பர்ல கெளம்பறதுக்கு மொத வாரம் அசோசியேஷன் மீட்டிங்குக்கு அவரையும் கூட்டிட்டுப் போனேன். கலுங்குல நிக்கற வேலிய எடுக்கணும்னு நான் பேசுனேன், அந்த வீட்டுக்காரர் ஒருத்தர் எந்திரிச்சு ஏழு வருஷமா இருக்கேன் ஒருதடவ கூட அதுல தண்ணி போனதப் பாத்ததில்லன்னாரு. அது உண்மைதான். பல வருஷத்துக்கு ஒருதடவ பாயறதுக்குன்னு வெட்டுனது அது. ஆனா பாயற அன்னைக்கு அந்த வேலியில கெளையும் குப்பையும் அடைச்சு மட்டம் ஒரு அடி ஏறுனா, அந்த ஒரு அடி கரைமேல வழியும். அப்பா தமிழ்ல சொன்னாரு, நான் இங்கிலீஷ்ல சொன்னேன்: "எங்க ஊர்ல கம்மா பத்து வருஷம் நெறையாம கெடந்துச்சு, கலுங்கு வழியில ஆட்டுக்கொட்டாய் போட்டோம், பதினோராவது வருஷம் கரை உடைஞ்சு வயலு பூரா மண்ணு மூடிருச்சு, நெல்லு போட ரெண்டு வருஷம் ஆச்சு." கூட்டத்துல யாரும் பேசல. அந்த வீட்டுக்காரர் மீட்டிங் முடிஞ்சு வந்து அப்பாவுக்கு கை குடுத்தாரு, எடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, செலவு யாருதுன்னு சொல்லுங்கன்னாரு.

அப்பா ஊருக்குப் போயாச்சு. அந்த நோட்டு இப்ப என்கிட்ட. இதுவரைக்கும் முப்பத்திஒரு வரி எழுதியிருக்கு, பாதி அவரு கையெழுத்து, மீதி என்னது. ஈரம் இன்னும் எஞ்சினியர் அடிச்ச குச்சியத் தாண்டல. அக்டோபர்ல ஒரே ராத்திரியில நாலு இஞ்ச் கொட்டுச்சு, அன்னைக்கு மட்டும் கசிவு வாளிக் கணக்குல கொஞ்சம் கூடி மூணு நாள்ல பழைய அளவுக்கு வந்துருச்சு. நெறம் தெளிவு. ஜன்னல்ல மூணு பாட்டில் நிக்குது, ஒவ்வொண்ணுலயும் தேதி ஒட்டியிருக்கு.

வேலி செலவ அசோசியேஷனே ஏத்துக்கறதுக்கு அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய் ஓட்டெடுப்பு, சாயங்காலம் ஏழு மணி, கிளப்ஹவுஸ்ல. எங்க காலனிக்காரங்க யாராவது இத வாசிச்சீங்கன்னா தயவுசெஞ்சு வந்துருங்க, கரைக்குக் கீழ இருக்கற நாலு தெருவுல இருந்தும் வீட்டுக்கு ஒருத்தராவது. நோட்டையும் போட்டோவையும் நான் கொண்டுவரேன்.